நாலாம் நம்பரில் மட்டும் சுத்தும் ஃபேன்: பழைய காரில் ஹீட்டர் ப்ளோயர் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் வந்துட்டு ராத்திரி குன்னூருக்குத் திரும்பிட்டிருந்தோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்துல. பின்னாடி அம்மா, தங்கச்சி, பாட்டி. கார் என்னைவிட வயசில் மூத்தது, 1999 மாடல் சின்ன கார். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு வரைக்கும் பிரச்சினை இல்லை. அதுக்கு மேல குளிர் ஏற ஏற, கண்ணாடியில் உள்பக்கம் பனி படிய ஆரம்பிச்சது. அப்பா ஹீட்டர் ஃபேனைப் போட்டார். சத்தம் வரலை, காத்தும் வரலை.

அடுத்த வளைவுக்குள்ள முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிடுச்சு. பாட்டி பின்னாடி இருந்து எக்கி முந்தானையால துடைச்சாங்க. துடைச்ச இடம் அஞ்சு செகண்டில் மறுபடி மூடிக்கிச்சு. எதிரில் பஸ் லைட். கண்ணாடியில் அது ஒரு மஞ்சள் உருண்டையாத் தெரிஞ்சதே தவிர, பஸ் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியலை. அப்பா ஓரமா ஒதுக்கி வண்டியை நிறுத்திட்டார். யாரும் கொஞ்ச நேரம் பேசலை.

அந்த ராத்திரி அந்த ஃபேன் நின்னதுக்கு நானும் ஒரு காரணம். மூணு வாரம் முன்னாடிதான் "நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ப்பா, நானே பார்த்துக்கறேன்"ன்னு சொல்லி அதை ரிப்பேர் பண்ணியிருந்தேன். அதுக்கப்புறம் குன்னூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட நின்னு கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன். ஓம் விதியை முதல் செமஸ்டரில் படிச்சேன். புரிஞ்சது அந்த அண்ணன் கடையில்தான்.

"எனக்கு எதுக்கு ஹீட்டர்?" என்பவர்களுக்கு

சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் ஹீட்டர் தேவைப்படாது, சரி. ஆனா காரில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் ப்ளோயர் ஒண்ணுதான். டேஷ்போர்டுக்குக் கீழே, பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி, அணில் கூண்டு மாதிரி வட்டமா ஒரு ஃபேன் இருக்கும். ஏசி போட்டால் அது தள்ளும் காத்து குளிர்ந்த காயில் வழியாப் போகும். ஹீட்டர் போட்டால், எஞ்சின் சுடுதண்ணி ஓடும் சின்ன ரேடியேட்டர் வழியாப் போகும். அதனால ஃபேன் செத்தால் ரெண்டும் போச்சு. கீழே எழுதியிருக்கும் முறை ரெண்டுக்கும் பொருந்தும்.

பனி எப்படி விலகுது என்பதையும் ஒரு வரியில் பார்த்துடலாம். அஞ்சு பேர் மூச்சு விடும்போது காருக்குள்ள ஈரம் ஏறுது. கண்ணாடியோ வெளிக்காத்தால குளிர்ந்து கிடக்கு. அதில் பட்ட ஈரம் சின்னத் துளிகளாப் படியுது. இப்போ 10 டிகிரியில் ஈரம் நிறைஞ்ச வெளிக்காத்தை எடுத்து 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதோட ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிடும். ஈரத்தின் அளவு அதேதான். காத்தோட கொள்ளளவுதான் கூடியிருக்கு. அந்தக் காத்து கண்ணாடியைச் சூடாக்கும், படிஞ்ச துளியையும் உறிஞ்சிக்கும். ஆனா அதைக் கண்ணாடி வரைக்கும் கொண்டுபோய்த் தள்ள ஃபேன் வேணும்.

முதல் வேலை: பழுது ஃபேனிலா, வெப்பத்திலா?

இதைப் பிரிக்காமல் எதையும் கழட்டாதீங்க.

ஃபேன் நல்லாச் சுத்துது, காத்தும் வருது, ஆனா சூடு இல்லைன்னா அது மின்சாரப் பழுது இல்லை. கூலன்ட் குறைவா இருக்கலாம், லைனில் காத்து அடைச்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கலாம், ஹீட்டர் வால்வு திறக்காமல் இருக்கலாம்.

ஃபேன் சத்தம் நல்லா வருது, காத்து மட்டும் குறைவுன்னா ஃபில்டர் அடைப்பு, இலை தழை அடைப்பு, இல்லைன்னா உள்ளே இருக்கும் திசை மாத்தும் தகடு நகரலை.

சத்தமே இல்லை, அல்லது சில வேகத்தில் மட்டும் சுத்துது என்றால் மட்டும் கீழே படிங்க.

மின்சாரம் எந்த வழியா வருது?

எங்க காரில் வழி இப்படி: பேட்டரி, அங்கிருந்து இக்னிஷன் சாவி, 20 ஆம்பியர் ஃப்யூஸ், ப்ளோயர் மோட்டார், ரெசிஸ்டர், நாலு வேக சுவிட்ச், கடைசியா பாடி எர்த். அதாவது பாசிட்டிவ் நேரா மோட்டாருக்கு வந்துடும். வேகத்தைக் கட்டுப்படுத்துறது எர்த் பக்கம். நிறைய பழைய கார்களில் இந்த அமைப்புதான். சில கார்களில் நடுவில் ஒரு ரிலே இருக்கும். சிலதில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கும். உங்க காரோட வயரிங் படத்தை முதலில் பாருங்க.

ரெசிஸ்டர் என்பது பீங்கான் அல்லது தகட்டில் மாட்டின மூணு கம்பிச் சுருள். மோட்டார் பக்கத்திலிருந்து வரிசையா அ, ஆ, இ என்று வச்சுக்குவோம்.

நாலாம் வேகம்: மோட்டார் நேரா எர்த். ரெசிஸ்டருக்கு வேலையே இல்லை.
மூணாம் வேகம்: அ வழியா எர்த்.
ரெண்டாம் வேகம்: அ, ஆ ரெண்டும் வழியா.
முதல் வேகம்: மூணும் வழியா.

இதை ஒரு தாளில் வரைஞ்சு பாருங்க. வரைஞ்சதும் பாதிப் பழுதை ஸ்க்ரூடிரைவர் தொடாமலே சொல்லிடலாம்:

முதல் வேகம் மட்டும் இல்லை என்றால் "இ" அறுந்திருக்கு.
முதலும் ரெண்டும் இல்லை என்றால் "ஆ" அறுந்திருக்கு.
நாலு மட்டும் வேலை செய்யுது, மத்த மூணும் இல்லை என்றால் "அ" அறுந்திருக்கு. அல்லது ரெசிஸ்டரிலேயே இருக்கும் வெப்ப ஃப்யூஸ் போயிருக்கு. பழைய கார்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.
நாலு மட்டும் இல்லை, மத்தது எல்லாம் ஓடுது என்றால் ரெசிஸ்டர் நல்லா இருக்கு. சுவிட்சின் நாலாம் முனை அல்லது அந்த வயர் கருகியிருக்கும். அதிக மின்னோட்டம் போறது அந்த முனையில்தான்.
எதுவுமே இல்லை என்றால் எல்லா வேகத்துக்கும் பொதுவான ஒண்ணு போயிருக்கு: ஃப்யூஸ், பாசிட்டிவ் வழி, மோட்டார், எர்த்.

ஒரே சமயத்தில் மூணு சுருளும் தனித்தனியா அறுந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. நாலு அறிகுறி இருந்தாலும் ஒரே காரணம் எங்கே இருந்தால் அத்தனையும் வரும்னு யோசிக்கிறதுதான் பழுது பார்க்கிற வேலை.

நான் செஞ்ச முதல் தப்பு

எங்க காரில் முதலில் வந்த அறிகுறி நாலு மட்டும் வேலை செய்யுறது. நான் மேலே சொன்ன மாதிரியே யோசிச்சு, ரெசிஸ்டர்னு சரியாச் சொன்னேன். கழட்டி மீட்டரில் பார்த்தேன், வெப்ப ஃப்யூஸ் ஓபன். புதுசு வாங்கி மாட்டினேன். நாலு வேகமும் வந்துச்சு. அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு. அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட "பையனே சரி பண்ணிட்டான்"ன்னு சொன்னாங்க.

ரெண்டே வாரம். மறுபடி நாலு மட்டும்.

இங்கேதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கலை: ரெசிஸ்டர் ஏன் போச்சு? நான் நினைச்சது "டூப்ளிகேட் பார்ட் போல". விட்டுட்டேன். செமஸ்டர் வந்துச்சு, காலேஜுக்குக் கீழே இறங்கிட்டேன்.

இந்தக் கணக்கைப் பாருங்க. எண்கள் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை. ஆனா சின்ன காருக்கு ஓரளவு பொருந்தும். மோட்டாரின் உள்தடை 0.4 ஓம். முழு வேகத்தில் 10 ஆம்பியர் எடுக்குது. 12 வோல்ட்டை 0.4 ஓமால் வகுத்தால் 30 ஆம்பியர் வரணுமே, ஏன் 10 மட்டும்? ஏன்னா சுத்துற மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர். அது எதிர்த்திசையில் 8 வோல்ட் உண்டாக்குது. மிச்சம் 4 வோல்ட்தான் 0.4 ஓமில் 10 ஆம்பியரைத் தள்ளுது. எதிர் மின்னியக்கு விசைன்னு பரீட்சையில் எழுதினோமே, அதேதான்.

இப்போ முதல் வேகம். ரெசிஸ்டர் மொத்தம் 2.4 ஓம் என்று வைங்க. நல்ல மோட்டார் 3 ஆம்பியர் எடுத்தால், ரெசிஸ்டரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை: 9 × 2.4 = 21.6 வாட். ரெசிஸ்டரை வேணும்னேதான் காத்து வரும் பாதையில் வச்சிருக்காங்க. ஃபேன் காத்தே அதைக் குளிர்விக்கும்.

அதே மோட்டார் புஷ் காய்ஞ்சு இறுகி, முதல் வேகத்தில் சுத்த முடியாமல் நின்னுடுச்சுன்னா? எதிர் வோல்டேஜ் பூஜ்யம். மொத்தத் தடை 2.8 ஓம். மின்னோட்டம் சுமார் 4.3 ஆம்பியர். ரெசிஸ்டரில் வெப்பம் சுமார் 44 வாட். அதாவது ரெண்டு மடங்கு வெப்பம், குளிர்விக்கக் காத்தும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, 20 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 4.3 ஆம்பியர் ஒரு விஷயமே இல்லை. அது சும்மா பார்த்துட்டு இருக்கும். அதனாலதான் ரெசிஸ்டரில் தனியா ஒரு வெப்ப ஃப்யூஸ் வைக்கிறாங்க. அது போச்சுன்னா "எனக்குச் சூடு தாங்கலை, மோட்டாரைப் பாரு"ன்னு சொல்லுதுன்னு அர்த்தம். அது சொன்னதை நான் கேட்கலை. சொன்னவனை மட்டும் மாத்திட்டு வந்தேன்.

நான் செஞ்ச ரெண்டாவது தப்பு

கல்யாண ராத்திரிக்கு வருவோம். வண்டியை நிறுத்தினதும் மொபைல் லைட்டில் ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தேன். ப்ளோயர் ஃப்யூஸ் எரிஞ்சிருந்தது. மஞ்சள், 20 ஆம்பியர். ஸ்பேரில் இருந்தது பச்சை மட்டும், 30 ஆம்பியர். மாட்டினேன். நாலாம் வேகத்தில் ஃபேன் உறுமிக்கிட்டே சுத்துச்சு. கண்ணாடி தெளிஞ்சது. பாட்டி என் தலையைத் தடவிக் கொடுத்தாங்க.

காட்டேரிகிட்ட வரும்போது பிளாஸ்டிக் கருகுற வாசனை. அம்மாதான் முதலில் சொன்னாங்க, "என்னமோ தீயுதுடா". உடனே ஃபேனை நிறுத்தி, சாவியை ஆஃப் பண்ணி, எல்லாரையும் கீழே இறக்கிட்டோம். நல்லவேளை, புகையோடு போச்சு. ஃப்யூஸைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, நாலு ஜன்னலையும் முழுக்கத் திறந்து வச்சு, பல் கிட்டிக்கிற குளிரில் மெதுவா வீடு போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் பார்த்தால் மோட்டார் கனெக்டர் உருகி, ஒரு பக்கம் கரியா இருந்தது.

ஃப்யூஸ் காப்பாத்துறது மோட்டாரை இல்லை, வயரை. அந்த வயரும் கனெக்டரும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் 20 போட்டிருக்காங்க. நான் 30 போட்டப்போ, அந்தச் சர்க்யூட்டில் எது முதலில் உருகணும் என்பதையே மாத்திட்டேன். ஃப்யூஸுக்குப் பதிலா கனெக்டர் உருகுச்சு. பாட்டி உட்கார்ந்திருந்த காரில். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமா இருக்கு. ஆனா நம்ம ஹாஸ்டலில் பைக் வச்சிருக்கிற எத்தனை பேர் ஃப்யூஸுக்குப் பதிலா செம்புக் கம்பி சுத்தி வச்சிருக்கோம்னு எனக்குத் தெரியும். அதனால எழுதறேன்.

இன்னொண்ணு, ப்ளோயர் இல்லாமல் மலையில் மாட்டிக்கிட்டால் ஜன்னலைத் திறக்கிறதுதான் வழி. உள்காத்தும் வெளிக்காத்தும் ஒண்ணானால் பனி படியுறது குறையும். குளிரும், ஆனா ரோடு தெரியும். அதுவும் முடியலைன்னா நிறுத்துறதுதான்.

மீட்டர் 12 காட்டுச்சு, பல்பு எரியலை

ஒரு கடையில் காட்டினோம். பார்த்த உடனே "மோட்டார், சுவிட்ச், வயரிங் எல்லாம் மாத்தணும்"னு பெரிய தொகை சொன்னாங்க. அப்பா அமைதியா வண்டியை எடுத்துட்டு, அவருக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வந்தார். சின்னக் கடை, ஒரு பெஞ்ச், சுவர் முழுக்கப் பழைய டைனமோ.

உருகின கனெக்டரை வெட்டிட்டுப் புதுசு போட்டார். இப்பவும் ஃபேன் சுத்தலை. நான் மல்டிமீட்டரை எடுத்து, கனெக்டரைக் கழட்டி வச்சு, மோட்டாருக்கு வரும் பாசிட்டிவ் பின்னைப் பார்த்தேன். 12.3 வோல்ட். "கரண்ட் வருதுண்ணா. மோட்டார்தான் போச்சு."

அவர் சிரிச்சார். "தம்பி, மீட்டர் கேட்டா பொய் சொல்லும். பல்பைக் கேளுங்க."

இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு, அதில் ரெண்டு வயர். அவ்வளவுதான் அவரோட கருவி. ஒரு முனையை பாடியில் வச்சு, இன்னொண்ணை அதே பின்னில் வச்சார். பல்பு எரியவே இல்லை.

ஏன்? மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். வழியில் எங்கேயோ துருப்பிடிச்சு 100 ஓம் தடை இருந்தாலும், மீட்டர் எடுக்கும் துளி மின்னோட்டத்துக்கு அந்த இடத்தில் வோல்டேஜ் இறங்கவே இறங்காது. அதனால மீட்டர் 12 காட்டும். பல்பு எரிய 1.75 ஆம்பியர் வேணும். அந்த 100 ஓமைத் தாண்டி அது வராது. குழாய் மூடியிருக்கும்போது அழுத்தம் நல்லாத்தான் இருக்கும். திறந்தால்தான் அடைப்பு தெரியும். மோட்டார் கேட்கிறது 10 ஆம்பியர். அப்போ அதுக்குப் பக்கத்தில் வரும் ஒரு சுமையை வச்சுத்தான் வழியைச் சோதிக்கணும்.

அன்னைக்கு அவர் செஞ்ச வரிசை இது. சாவி ஆன், வேகம் நாலில்:

ஒண்ணு, பல்பு பாடிக்கும் பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவில். பிரகாசமா எரிஞ்சால் வரும் வழி சரி.
ரெண்டு, பல்பு பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டாரின் எர்த் பக்கப் பின்னுக்கும் நடுவில். எரிஞ்சால் சுவிட்ச், எர்த் ரெண்டும் சரி.
மூணு, பல்பு ரெண்டு பின்னுக்கும் நடுவில். எரிஞ்சால் மோட்டாருக்கு எல்லாமே கிடைக்குது. அப்பவும் சுத்தலைன்னா மோட்டார்தான்.

முதல் ரெண்டும் எர்த் பக்கம் சுவிட்ச் இருக்கும் காருக்கு. மூணாவது எந்தக் காருக்கும் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பல்பை ஏர்பேக் வயரிலோ, எஞ்சின் கம்ப்யூட்டர் வயரிலோ வைக்கக் கூடாது. அவ்வளவு மின்னோட்டம் அதுங்களுக்கு ஆகாது.

எங்க காரில் முதல் சோதனையே ஃபெயில். பின்னாடியே தேடிப் போனோம். ஃப்யூஸ் பாக்ஸின் பின்பக்கம், அதே 20 ஆம்பியர் ஃப்யூஸ் உட்காரும் தகடு சூட்டில் தளர்ந்து பச்சை பூத்திருந்தது. சுத்தம் பண்ணி இறுக்கினதும் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது. சரியான 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டோம், ஃபேன் சுத்துச்சு.

நான் கருவியைப் பையில் போட ஆரம்பிச்சேன். அண்ணன் "எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் அது ஏன் சூடாச்சுன்னு பார்க்கலையே"ன்னார். மூணு வாரம் முன்னாடி நான் கேட்காத கேள்வி.

ஓடும்போதே அளக்கணும்

அடுத்து வோல்டேஜ் இறக்கம். ஃபேன் நாலில் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொண்ணு மோட்டாரின் பாசிட்டிவ் பின்னின் பின்பக்கத்தில். நல்ல வழியாக இருந்தால் சில பத்தில் ஒரு வோல்ட்தான் காட்டணும். அதேபோல் மோட்டாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில். எங்கே 1 வோல்ட்டுக்கு மேல காட்டுதோ, அந்த வழியில் ஒரு வயரையோ கனெக்டரையோ தேடணும்.

இது ஏன் முக்கியம்னு ஒரு பெருக்கல் போதும். 17 ஆம்பியர் ஓடும் ஒரு கனெக்டரில் 1.5 வோல்ட் இறங்குதுன்னா, அந்த விரல் நுனி அளவு பிளாஸ்டிக்கில் 25 வாட் வெப்பம். நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருக்கும் சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். ஒரு சால்டரிங் அயர்னை கனெக்டருக்குள்ள சொருகிட்டு ஓட்டின மாதிரி.

17 என்ற எண் சும்மா சொல்லலை. அண்ணன் கிளாம்ப் மீட்டர் வச்சுப் பார்த்தப்போ எங்க மோட்டார் எடுத்தது அதைத்தான். இந்த அளவு மோட்டாருக்கு 10, 11 இருந்தால் போதும்னார். அதிலும் அது ஓட ஓட ஏறிக்கிட்டே இருந்தது. (ஒரு சின்ன விஷயம்: கிளாம்ப் மீட்டர் வாங்கறதா இருந்தால் டிசி அளக்குமான்னு பார்த்து வாங்குங்க. மலிவானதில் பலது ஏசி மட்டும்தான் அளக்கும். நான் ஃப்ரெண்ட்கிட்ட வாங்கிட்டுப் போனது அப்படித்தான், பூஜ்யம் காட்டுச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லலை, சிரிக்கவும் இல்லை. அது இன்னும் கஷ்டமா இருந்தது. சாதாரண மல்டிமீட்டரை நடுவில் மாட்டி அளக்கவும் கூடாது. பெரும்பாலும் அதன் எல்லை 10 ஆம்பியர்.)

மோட்டாரைக் கழட்டினப்போ

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, க்ளவ் பாக்ஸை எடுத்துட்டு, மூணு ஸ்க்ரூ. மோட்டார் ஃபேனோடு கீழே வந்துச்சு. கூடவே ஒரு கைப்பிடி யூகலிப்டஸ் இலை.

எங்க வீட்டு முன்னாடி நிக்கிற மரம். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காத்து வழியா இலை உள்ளே போகுது. இந்த வயசு காரில் ஃபில்டர் கிடையாது. அதில் பாதி இலை ரெசிஸ்டர் மேல போய் அப்பியிருந்தது. அதாவது ரெசிஸ்டருக்கு வர வேண்டிய குளிர்காத்தும் அடைபட்டிருந்தது. காஞ்ச இலை, சூடான கம்பிச் சுருள். மேல நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஃபேனைக் கையால சுத்திவிட்டால் நல்ல மோட்டார் சில சுத்தாவது தானாச் சுத்தி நிக்கணும். எங்களுது கால் சுத்தில் நின்னுடுச்சு. புஷ் காஞ்சு போயிருந்தது. கார்பன் ப்ரஷ் தேய்ஞ்சு, ஸ்ப்ரிங் அழுத்தம் போய், கம்யூடேட்டர் கறுப்பா இருந்தது. நிக்கிற மோட்டாரைத் தட்டினால் சுத்துதுன்னா ப்ரஷ் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். குளிர்ந்த நேரம் கீச்சுன்னு சத்தம் வந்தால் புஷ். படபடன்னு சத்தம் வந்தால் இலை அல்லது உடைஞ்ச ஃபேன் இதழ். எங்க காரில் ஒரு வருஷமாவே காலையில் கீச் சத்தம் வந்துட்டு இருந்தது. பாட்டி "குருவி கூடு கட்டியிருக்கா பாரு"ன்னு கேட்டாங்க. நாங்க பாட்டு வால்யூமை ஏத்திக்கிட்டோம்.

இப்போ முழுக் கதையும் ஒரே கோட்டில் வந்துச்சு. புஷ் காய்ஞ்சதால மோட்டார் இறுகுச்சு. இறுகினதால மின்னோட்டம் கூடுச்சு. குறைஞ்ச வேகத்தில் ரெசிஸ்டர் போச்சு. ரெசிஸ்டர் போனதால நாங்க நாலிலேயே ஓட்டினோம். நாலில் 17 ஆம்பியர், அதனால ஃப்யூஸ் தகடும் கனெக்டரும் சூடாகித் தளர்ந்தது. கடைசியில் ஃப்யூஸ் போச்சு. நான் 30 போட்டேன்.

கோயம்புத்தூரில் பழைய ஸ்பேர்ஸ் கடையில் அதே மாடல் மோட்டார் கிடைச்சது. மாட்டி அளந்தோம், 10.5 ஆம்பியர். அதுக்கப்புறம்தான் அண்ணன் புது ரெசிஸ்டரை மாட்ட விட்டார்.

நீங்க செய்யும்போது

ஒரு சில பொறிகள், நான் விழுந்தது எல்லாம்:

ரெசிஸ்டரை ஓம் மீட்டரில் பார்க்கும்போது, முதலில் மீட்டரின் ரெண்டு முனையையும் ஒட்ட வச்சுப் பாருங்க. 0.2, 0.3 ஓம் காட்டும். அது வயரோட தடை. அதைக் கழிச்சால்தான் 0.4 ஓம் சுருளை நம்பி அளக்க முடியும்.

ரெசிஸ்டரை வெளியே தொங்கவிட்டு ஃபேனை ஓட்டிச் சோதிக்காதீங்க. காத்து படாமல் சில நிமிஷத்தில் செக்கச் சிவந்துடும். கையாலும் தொடாதீங்க.

ரிலே "டிக்" சத்தம் கொடுத்தால் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. சத்தம் காயில் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லும். உள்முனை கருகியிருக்கலாம். பல்பைக் கேளுங்க.

ஏர்பேக் இருக்கும் காரில் க்ளவ் பாக்ஸ் பக்கம் கை வைக்கும் முன்னாடி பேட்டரியைக் கழட்டிட்டு சில நிமிஷம் காத்திருங்க. மேனுவல் சொல்லும் நேரத்துக்குக் குறையாமல்.

கடைசியா, ஃப்யூஸ் போச்சுன்னா அதே எண் ஃப்யூஸ். இல்லைன்னா போடாதீங்க. குளிரில் நடுங்கிக்கிட்டு வந்தாலும் பரவாயில்லை.

இந்தப் பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ஆறு மணி, புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி. அப்பா காரை ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாக விட்டு, ஃபேனை ஒண்ணில் வச்சார். சத்தமே கேட்கலை. நான் பதறிப் போய் வென்ட் பக்கம் கையை நீட்டினேன். வெதுவெதுன்னு காத்து வந்துட்டு இருந்தது. கண்ணாடியின் அடியில் இருந்து ஒரு தெளிவான அரைவட்டம் மெல்ல மேலே ஏறிச்சு.

"என்னடா பார்க்கறே?"ன்னு அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லைப்பா"ன்னுட்டு இறங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த யூகலிப்டஸ் இலைகளைப் பொறுக்கிப் போட்டேன். இப்போ வீட்டுக்குப் போனால் முதல் வேலை அதுதான்.